சிரிப்பு மருந்தாகும் இடமும் ஆகாத இடமும்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற பழமொழியைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். இன்று அந்தப் பழமொழியைச் சுற்றி ஒரு பெரிய சந்தையே உருவாகியிருக்கிறது. பூங்காக்களில் காலைநேரச் சிரிப்பு வட்டங்கள், திருமண மண்டபங்களில் தன்னம்பிக்கைப் பயிலரங்குகள், எண்ணத்தை மாற்றினால் எந்த நோயும் மாறும் என்று உறுதி கூறும் காணொளிகள். இவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பல உண்மையாகவே நன்மை செய்கின்றன. ஆனால் இதை நம்பிச் சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்துபவர்களும், கைக்குத் தட்டுப்பட்ட கட்டியை மருத்துவரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். சிரிப்பும் நல்லெண்ணமும் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை உடையவை. நோயின் போக்கைத் தீர்மானிக்கும் வலிமை அவற்றுக்கு இருப்பதாகச் சான்று இல்லை. இந்த வேறுபாட்டை மறந்தால், நோயாளி நோயாலும் துன்பப்படுகிறார், ‘நீ சரியாக நினைக்கவில்லை’ என்ற பழியாலும் துன்பப்படுகிறார்.

முதலில் சிரிப்பின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து நன்றாகச் சிரித்தவர்கள், சிரிக்காதவர்களைவிட அதிக வலியைத் தாங்கினார்கள். சிரிக்கும்போது மூச்சும் வயிற்றுத் தசைகளும் திரும்பத் திரும்ப உழைப்பதால் மூளையில் எண்டார்பின் என்ற இயற்கை வலி நிவாரணி சுரக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பின் பலனில் பெரும்பங்கு உறவின் பலன் என்பதை இது காட்டுகிறது. 1995 மார்ச் 13 அன்று மும்பையின் பூங்கா ஒன்றில் ஐந்தே பேருடன் டாக்டர் மதன் கட்டாரியா தொடங்கிய சிரிப்புச் சங்கம் உலகெங்கும் பரவியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஓய்வு பெற்று வீட்டில் தனித்திருக்கும் ஒருவருக்குக் காலையில் தம்மை எதிர்பார்த்து நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்பதே பெரிய காரியம். வரவழைத்துக்கொண்ட புன்னகையும் வீண் இல்லை. 19 நாடுகளில் ஏறத்தாழ 3,900 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான கூட்டு ஆய்வு, முகத்தில் வேண்டுமென்றே கொண்டுவந்த புன்னகைகூட மனநிலையைச் சிறிதளவு உயர்த்துகிறது என்று கண்டது. சிறிதளவு என்ற அளவைத்தான் விளம்பரங்கள் விட்டுவிடுகின்றன.

ஆனால் எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு இல்லை. தொல்காப்பியர் நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்லும்போது எள்ளலை முதலில் வைத்தார். ஒருவரை எள்ளிப் பத்துப் பேர் சிரிக்கும் இடத்தில் அந்த ஒருவருக்கு நேர்வது காயம். கல்லூரி விடுதியில் ‘சும்மா ஜாலிக்கு’ என்று நடப்பது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டப்படி குற்றம்.

சிரித்தே நோயை வென்றவர் என்று பயிலரங்குகளில் தவறாமல் சொல்லப்படும் பெயர் நார்மன் கசின்ஸ். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரான அவருக்கு 1964-ல் மூட்டுகளையும் முதுகெலும்பையும் முடக்கும் கடும் நோய் வந்தது. மருத்துவமனையை விட்டு ஓட்டல் அறைக்கு மாறி, நகைச்சுவைப் படங்களைப் பார்த்து, பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் வலியில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்க முடிந்தது என்று 1976-ல் ஒரு மருத்துவ இதழிலும் 1979-ல் ஒரு நூலிலும் எழுதினார். மேடையில் கதை இதோடு முடிந்துவிடுகிறது. அவருடைய மருத்துவர் கடைசிவரை அவருடன் இருந்தார் என்பதும், அதே காலத்தில் அவர் வைட்டமின் சி-யைப் பெரும் அளவில் ஏற்றிக்கொண்டார் என்பதும், அந்த வகை நோய் சிலருக்குத் தானாகவே தணியக்கூடியது என்பதும் மேடையில் வருவதில்லை. ஒருவருக்கு நடந்ததிலிருந்து எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கசின்ஸே மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவரும் நோயாளியும் கூட்டாளிகளாக இருக்க வேண்டும் என்பதே அவர் நூலின் சாரம்.

நம்பிக்கையாளர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதற்கு ஆய்வே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, நன்னம்பிக்கை மிகுந்தவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடச் சராசரியாக 11 முதல் 15 விழுக்காடு நீண்டிருந்தது என்றது. ஆனால் நம்பிக்கையால் உடல்நலம் வந்ததா, உடல்நலமும் வசதியும் இருந்ததால் நம்பிக்கை வந்ததா? இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டு அளவுக்குத் தொடர்ந்து கவனித்து 2015-ல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவு தெளிவானது. மகிழ்ச்சி குறைந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோய்தான் அவர்களின் மகிழ்ச்சியைக் குறைத்திருந்தது. புற்றுநோயிலும் இதே கதைதான். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கண்ட 1,093 பேரின் மனநிலையை ஆராய்ந்து ஜேம்ஸ் காய்ன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மனநலத்துக்கும் உயிர்பிழைத்தலுக்கும் தொடர்பே காணப்படவில்லை.

இந்த முடிவு ஏமாற்றம் தருவதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இது பெரிய ஆறுதல் தரும் செய்தி. கீமோ ஊசி போட்டு வந்த இரவில் ஒரு பெண் அழுதால், அந்த அழுகை அவள் உடலில் புற்றை வளர்ப்பதில்லை. பயப்படவும் கோபப்படவும் அவளுக்கு இடம் உண்டு. ‘தைரியமா இரு, அழுதா நோய் ஏறிடும்’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது அன்பினால்தான்; ஆனாலும் அது அவளிடமிருந்து கடைசி வடிகாலையும் பறித்துவிடுகிறது. நோய் திரும்ப வந்தாலோ, நான்தான் சரியாக நம்பவில்லை போலிருக்கிறது என்ற குற்றவுணர்வு வேறு அவளைத் தின்னும். உண்மையில் அவள் உயிரைக் காக்கும் காரியங்கள் வேறு: கட்டியை உடனே காட்டுவது, சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிப்பது, மறுபரிசோதனைக்குத் தவறாமல் போவது. இவற்றைச் செய்யத் தூண்டும் நம்பிக்கை நல்ல நம்பிக்கை. செய்யவிடாமல் தடுப்பது ஆபத்து.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஜெர்மானிய உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் நெடுங்காலம் ஆராய்ந்தார். எடை குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்த 25 பெண்களிடம் அவர் செய்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில், ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் அதிக எடை குறைத்தார்கள். மெலிந்துவிட்டதாக இனிய கற்பனையில் திளைத்தவர்களோ குறைவாகவே குறைத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் வேலை தேடும் பட்டதாரிகள், இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் என்று பிறரிடம் அவர் செய்த ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. கற்பனையில் கிடைத்துவிட்ட வெற்றி, உழைக்க வேண்டிய உந்துதலைத் தணித்துவிடுகிறது. நினைத்தாலே நடக்கும் என்று கற்பிப்பவர்கள் இந்தத் தணிவைத்தான் காசுக்கு விற்கிறார்கள்.

மனச்சோர்வு நோயில் ஆபத்து இன்னும் கூடுதல். ‘பாசிட்டிவா யோசி, எல்லாம் சரியாயிடும்’ என்பதைக் கேட்காத மனச்சோர்வு நோயாளி நம் நாட்டில் இல்லை. 2009-ல் கனடாவில் ஜோன் வுட் குழுவினர் செய்த ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் ‘நான் நேசிக்கத் தகுந்தவன்’ என்ற வாசகத்தைத் திரும்பச் சொல்லச் சொல்ல அவர்கள் மனநிலை மேலும் தாழ்ந்தது. யாருக்கு அது அதிகம் தேவை என்று நினைக்கிறோமோ அவர்களையே அது காயப்படுத்தியது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, சாவைப் பற்றிய எண்ணம் என்று நீடித்தால் அது மருத்துவம் தேவைப்படும் நிலை. பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஆனால் சிகிச்சை இங்கே ஒரு சட்ட உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இலவசம். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம்.

வேலையிடத்திலும் இந்தக் குழப்பம் நடக்கிறது. ஆட்குறைப்பு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வராத சம்பள உயர்வு ஆகியவற்றுக்குப் பதிலாகத் தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச வேண்டிய பெண்ணுக்குக் குறைவாக இருந்தது நல்லெண்ணமா, நாற்காலியா? 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. இருக்கை இல்லாத கடையைப் பற்றித் தொழிலாளர் துறை அதிகாரியிடம் புகார் செய்யலாம். மனப்பான்மையை மாற்றச் சொல்லும் அறிவுரை, மாற்ற வேண்டிய சூழலை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

சந்தையின் பக்கம் வருவோம். மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு வேண்டும். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும். ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் டிரெயினர்’ என்று பலகை வைக்க எந்தப் பதிவும் தேவையில்லை. அப்படிப்பட்டவர் ஊக்கப் பேச்சு பேசட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எல்லை மீறுகிறார். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் உள்ளிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கோ, மந்திரம், தாயத்து வகைக்கோ விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பயிலரங்கு விளம்பரம் அதில் அடங்காவிட்டாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, ஒலிப்பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

இப்படியெல்லாம் பேசி, தவிக்கும் மனிதனிடம் மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் பறிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம்பிக்கை வேண்டும், ஆனால் அது உண்மையின் மேல் நிற்க வேண்டும். முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கான ஆதரவுக் குழுக்களை ஆராய்ந்து 2001-ல் வெளியான ஆய்வு, குழுவில் சேர்ந்தவர்களின் ஆயுள் கூடவில்லை, ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன என்று கண்டது. வலி குறைந்த ஒரு நாள் என்பது நோயாளிக்குச் சிறிய வரவு அல்ல. அதற்காகவே சிரிப்பு வட்டம் வேண்டும், நண்பர்கள் வேண்டும், வடிவேலு காமெடியும் வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆஸ்துமா அடிக்கடி வருபவர்கள் மட்டும் பலமாகச் சிரிக்கும் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அடக்கமுடியாத சிரிப்பு இவற்றைக் கிளறிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வீட்டில் ஒருவர் சிரிப்பை மறந்து வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் அவருக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவருடன் போங்கள். ஏமாற்று விளம்பரத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மனத்துயருக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.