இறைச்சி முயலும் மரபணுவும்

தூத்துக்குடி முத்துக்குளித்துறைக் கரையோரச் சிற்றூர்களில் இறைச்சிக்காக முயல் வளர்க்க முற்படும் விவசாயப் பெருமக்கள், தீவனத்திற்கு முன்பாக இனவிருத்திக்குரிய முயலைக் கவனித்தல் வேண்டும். ஏனெனில், முயலின் தசையிழைகளின் எண்ணிக்கை, சினைக்காலமாகிய சுமார் 31 நாட்களிலும் பிறப்பையொட்டிய சில நாட்களிலுமே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. பின்னர் நாம் இடும் தீவனம் அவ்விழைகளைப் பருக்கச் செய்யுமேயன்றி, அவற்றின் தொகையைப் பெருக்காது.

இவ்வமைப்பை ஆள்பவை மரபணுக்கள். சில தசை வளரத் தூண்டுகின்றன. மயோஸ்டாட்டின் என்னும் மரபணுவோ அது மிஞ்சாதவாறு தடுக்கிறது. 1997-ல் அமெரிக்க அறிஞர்கள் சுண்டெலிகளில் இத்தடையை நீக்கியபோது, தசைகள் இரண்டு மூன்று மடங்கு பருத்தன. முயலுக்கும் இம்மரபணு உண்டு.

நம் மாநிலத்தில் கொடைக்கானல் மலையின் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இறைச்சி முயலினங்களைப் பேணி வந்துள்ளது. குளிர்ந்த மலையில் செழிக்கும் முயல், நமது கடற்கரை வெப்பத்தில் இரை குறைத்துண்ணும். ஆண் முயலின் விந்தும் நலியும். ஆதலால் நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டில் அமைப்போம். ஒரே தீவனமுண்ட குட்டிகளை 12-ஆம் வாரத்தில் நிறுத்து, இங்கேயே நன்கு வளர்ந்தவற்றை இனத்திற்கு ஒதுக்குவோம். ஓர் ஈற்றுக் குட்டிகளை இணை சேர்த்தல் ஆகாது; அண்டை ஊராட்சியினருடன் ஆண் முயலை மாற்றிக்கொள்வது நலம். மரபணுவை நாம் கண்ணால் காண இயலாது. தராசும் கணக்கேடும் அதன் பலனைக் காட்டும்.