வாசலில் கிடந்த இலாசர்

பணம் இருப்பதில் அப்படி என்ன தீமை? பிள்ளைகளின் படிப்பும் மருத்துவச் செலவும் நம்மை அழுத்தும்போது இக்கேள்வி எழுவது இயல்பே. நற்செய்தி செல்வரை ஒட்டுமொத்தமாகப் பழிப்பதில்லை. இயேசுவுக்குக் கல்லறை தந்த அரிமத்தியா யோசேப்பும் செல்வர்தான் (மத் 27:57).

ஆனால், மூன்றாம் ஆண்டில் பொதுக்காலம் 26ஆம் ஞாயிறன்று நாம் வாசிக்கும் உவமையைப் பாருங்கள் (லூக் 16:19-31). அதில் வரும் செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ சொல்லப்படவில்லை. நாள்தோறும் விருந்துண்டார், அவர் வாசலில் இலாசர் கிடந்தார், அவ்வளவுதான். செல்வருக்கு உவமையில் பெயரே இல்லை. (பின்னாளில் வழங்கிய 'தீவெஸ்' என்பது 'செல்வர்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே.)

நம்மைக் கலங்கடிப்பது அடுத்த பகுதி. பாதாளத்திலிருந்து அவர் இலாசரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்! அப்படியானால் வாசலில் கிடந்தவர் யாரென்று முன்பே தெரிந்திருக்கிறது. அங்கும் இலாசரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொண்டுவர அவரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறார். தம் சகோதரரிடம் தூது போகவும் அவரையே அனுப்பச் சொல்கிறார். எல்லாவற்றையும் காசு கொடுத்தே பெற்றுப் பழகியவருக்குச் சக மனிதர் ஏவலாளாக மட்டுமே தெரிகிறார். செல்வத்தால் வரும் பேரிழப்பு இதுவே என்போம். நம் வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் இவ்வுவமை பற்றித் தொடர் மறையுரைகள் ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், உள்ளதைப் பகிராமையே திருட்டு என்றார். கடுமையான சொல்தான்.

செல்வரின் ஐந்து சகோதரர் மனம் மாறினார்களா என்று லூக்கா எழுதவில்லை. அவர்கள் இன்னும் தந்தையின் வீட்டில்தான் இருந்தார்கள்.