ஓடும் ஆற்றில் ஈ, ஓடாத சாக்கடையில் கொசு

மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்டா படுகையில் ஆற்றோரம்தான் நல்ல விளைநிலம். அந்த நிலத்தைப் போட்டுவிட்டு ஊர் ஊராக மக்கள் வெளியேறினார்கள். காரணம் ஒரு கருப்பு ஈ. பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீரில்தான் அதன் புழு வளரும். பட்டு நூலால் தன்னைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டம் கொண்டுவரும் துகள்களை வடிகட்டித் தின்னும். தண்ணீர் நின்றுபோனால் அது பிழைக்காது. அந்த ஈ கடிப்பதால் பரவும் ஃபைலேரியா புழு மனித உடலில் குட்டி போடும். அந்த நுண்புழுக்கள் தோலுக்கடியில் ஊர்ந்து கண்வரை போய்ப் பார்வையைப் பறிக்கும். ஆற்றுக் குருடு என்கிறோமே, அது இதுதான்.

இந்த நோய் புதுச்சேரியில் இல்லை. ஆனால் அதே ஃபைலேரியா குடும்பத்தின் இன்னொரு புழு இங்கே தலைமுறை தலைமுறையாகக் கால்களை வீங்க வைத்தது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, கருப்பு ஈக்கு நேர் எதிர். ஓடும் நீர் ஈக்கு வேண்டும். கொசுவுக்குத் தேக்கமும் அழுக்கும். ஈ பகலில் கடிக்கும், கொசு இரவில். யானைக்கால் புழுவின் குட்டிகளும் இரவில்தான் மேலோட்டமான ரத்தத்துக்கு வருகின்றன. சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான்.

புதுச்சேரியின் தரை இந்தக் கொசுவுக்குத் தோதானது. கோரிமேட்டுச் செம்மண் மேட்டில் பெய்யும் மழை கிழக்கே கடலை நோக்கி இறங்கி, நகரத்தின் தட்டையான பகுதிக்கு வந்ததும் வேகம் இழந்துவிடுகிறது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் அமைந்த ஊர் என்றாலும், பிரெஞ்சு ஆட்சியால் இந்தத் தரைக்கு வாட்டம் கொடுக்க முடியவில்லை. வெள்ளையர் நகரத்தையும் தமிழர் நகரத்தையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால், உப்பாறு, வீட்டோரச் சாக்கடை எல்லாவற்றிலும் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஓடுவது வீட்டுக் கழிவுநீர்தான். மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் அதுவும் ஓடாது.

அப்படித் தேங்கிய சாக்கடையைக் குனிந்து பாருங்கள். ஓரத்தில் கரித்துகள் போல மிதப்பது முட்டைத் தெப்பம். ஒன்றில் நூற்றுக்கும் மேல் முட்டைகள். பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி, வால் பக்கக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சுவிடுபவை கொசுப்புழுக்கள். அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் பெரும்பாலான மீன்கள் பிழைப்பதில்லை; காற்றை மேலிருந்தே எடுப்பதால் கொசுப்புழு பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு ஒழிப்புக்கான ஆய்வு மையத்தைப் புதுச்சேரியில் தொடங்கியது. பி.கே. ராஜகோபாலன் தலைமையில் அந்த மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுக்க ஒரு திட்டத்தை நடத்தியது. மருந்தடிப்பதை மட்டும் நம்பவில்லை. குழிகளைத் தூர்த்தார்கள், சாக்கடையைச் சீராக்கினார்கள், கிணறுகளில் மீன் விட்டார்கள். கொசு குறைந்தது, நோய்ப் பரவலும் குறைந்தது. திட்டம் முடிந்து கண்காணிப்பு தளர்ந்ததும் கொசு திரும்பி வந்தது.

ஆற்றுக் குருட்டுக்கும் இந்த ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகம் அந்த நோய்க்கென்று ஆன்கோசிம் என்ற கணினி மாதிரியை உருவாக்கியிருந்தது. அதன் வழியில் யானைக்காலுக்காக லிம்ஃபாசிம் உருவானபோது, அதற்கு அடிப்படையாக இருந்தவை புதுச்சேரியில் திரட்டிய தரவுகள். மருந்திலும் இதே உறவு தொடர்கிறது: ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டுக்குக் கொடுத்த ஐவர்மெக்டின், 2018 முதல் இந்தியாவில் யானைக்கால் ஒழிப்புக்கான மூன்று மருந்துகளில் ஒன்று.

ஆனால் நிலம் வேறு, வேலையும் வேறு. 1974-ல் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க ஆற்றுக் குருட்டு ஒழிப்புத் திட்டத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆற்றில் மருந்து தெளித்தார்கள். ஈ வளரும் இடம் பாறையும் வேகமும் உள்ள ஆற்றுப் பகுதி மட்டும், வரைபடத்தில் குறித்துவிடலாம். புதுச்சேரியில் கொசு வளரும் இடம் ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறத்திலும் இருக்கிறது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வலையில்லாமல் திறந்திருந்தால் கொசுவுக்கு அது வாசல். எந்த ஹெலிகாப்டரும் அங்கே எட்டாது.

மாத்திரை அவசியம்; கொடுத்தால் தகுதியுள்ள எல்லோரும் விழுங்க வேண்டும். ஆனால் முற்றிப்போன வீக்கத்தை மாத்திரை இறக்காது. வீக்கம் முற்றியவர்களுக்கு வேண்டியது தினமும் சோப்புப் போட்டுக் கால் கழுவி ஈரம் துடைப்பது, புண் வராமல் செருப்புப் போடுவது. அடுத்த தலைமுறைக்கு வேண்டியது வாட்டம் பார்த்துக் கட்டிய சாக்கடை. நகராட்சி வாரம் ஒருமுறை தூர் எடுத்துத் தண்ணீரை நகர்த்திவிட்டால், அங்கே புழு கொசுவாக நாள் போதாது. செப்டிக் டேங்க் குழாய்க்கு ஒரு துண்டு வலை கட்டுவது நம் வேலை. அதை இன்றைக்கே செய்யலாம்.