ஃப்ரீலான்ஸ் கலைஞரின் முதலீடு: பெயர், உரிமை, பில்

தனியாக இருந்து தொழில் செய்யும் ஓவியர், லோகோ வரைபவர், புகைப்படக்காரர், வீடியோ எடிட்டர், விளம்பர வாசகம் எழுதுபவர் என எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் இன்ஸ்டாகிராமில் ஏதாவது போடுங்கள், புதிய மென்பொருள் கற்றுக்கொள்ளுங்கள், நாலு பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு இன்கிரிமென்ட், பதவி உயர்வு, அனுபவச் சான்றிதழ் என்று ஏறிப்போகப் படிகள் இருக்கின்றன. ஃப்ரீலான்ஸருக்கு அவர் செய்து முடித்த வேலைகள் மட்டுமே படி. அடுத்த கிளையன்ட் கூடுதல் தொகைக்குச் சம்மதிப்பது அந்தப் பழைய வேலைகளைப் பார்த்துத்தான். ஆகவே அவற்றில் அவர் பெயர் நிற்க வேண்டும், அவற்றைப் பிறருக்குக் காட்டும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும், கூலி அடுத்த வேலையைத் தேடும் காலத்துக்குள் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றும் பறிபோவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல. வேலை தொடங்கும் நாளில் எதையும் எழுதிக்கொள்ளாததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட்டத்தில் தனித்துத் தெரிய விரும்புபவர், சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் உரிமைகளைத் தெரியாமல் கைவிடாதிருப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காசு கொடுத்தவருக்கே எல்லாம் சொந்தம் என்று கிளையன்ட் நினைக்கிறார். வேலை செய்தவரும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 17-ஆவது பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான். நிறுவனத்தில் ஊழியராக இருந்து, அந்த வேலையின் பகுதியாகச் செய்தது நிறுவனத்துக்குப் போகும் என்பது ஒரு விதிவிலக்கு. ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்லர், எனவே அது அவருக்குப் பொருந்தாது. பலர் கவனிக்காமல் விடுவது இன்னொரு விதிவிலக்கை. பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த புகைப்படம், தீட்டிய ஓவியம் அல்லது உருவப்படம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கே. ஒரே உணவகத்துக்கு மூன்று பேர் வேலை செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதார்த்தங்களைப் படமெடுத்தவருக்கு எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் படங்கள் உணவகத்தின் சொத்து. மெனு வாசகம் எழுதியவருக்கும் விளம்பரப் பாட்டுக்கு மெட்டமைத்தவருக்கும் எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் உரிமை அவர்களிடமே தங்கிவிடும். பேசிய காரியத்துக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உணவகத்துக்கு. புகைப்படக்காரர் எழுதி வாங்காவிட்டால் இழப்பார். எழுத்தாளர் எழுதிக் கொடுத்தால்தான் இழப்பார். லோகோ, விளக்கப்படம் போன்றவற்றில் ‘இதுவும் ஓவியம்தானே’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருப்பதால், வரைபவர்களும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கும் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 19-ஆவது பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையொப்பமிட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, என்ன தொகைக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்’ என்ற வரி ஏன் தவறாமல் வருகிறது என்பது இதிலிருந்து புரியும். அந்த வரி வெறும் சம்பிரதாயம் அல்ல, அதற்கு ஒரு விலை உண்டு. ஓராண்டு போஸ்டருக்கான கட்டணமும் எக்காலத்துக்குமான கட்டணமும் ஒன்றாக இருக்க முடியாது. இதைத் தெரிந்து பேசுபவரைக் கிளையன்ட் வெறும் கைவேலைக்காரராகப் பார்ப்பதில்லை.

பெயர் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 57-ஆவது பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இதைச் செய்தவன் நான்’ என்று உரிமை கோருவதையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுப்பதையும் படைத்தவரிடமே வைத்திருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசின் வேண்டுகோளில் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றைச் செய்தார். 1979-இல் அது கழற்றப்பட்டு, சேதமான நிலையில் கிடங்கில் கிடந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமை அரசிடம் இருந்தும், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. இந்தியாவில் இந்த உரிமைக்கு இதைவிட அழுத்தமான தீர்ப்பைக் காட்டுவது கடினம். ஆனாலும் அன்றாட வேலையில் ஒவ்வொரு பேனரிலும் பெயர் அச்சிடச் சொல்லி யாரும் நீதிமன்றம் போக முடியாது. அதனால் தொடக்கத்திலேயே இரண்டு வாக்கியம் வேண்டும்: பெயர் எங்கே வரும் என்று ஒன்று, வேலை வெளியான பிறகு போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று இன்னொன்று. பிறர் பெயரில் உரை எழுதுவது போன்ற சில வேலைகளில் பெயரே வராது, ரகசியம் காக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை அடுத்த வேலையைக் கொண்டுவராது என்பதால், அந்த நட்டத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் பேச வேண்டும்.

முதல் சந்திப்பில் வாய்மொழியாகக் கொட்டிவிடும் யோசனைகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. யோசனைக்கு அல்ல, அது வடிவம் பெற்ற விதத்துக்கே பதிப்புரிமை என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சாம்பிளாக நாலு ஐடியா அனுப்புங்கள், பிடித்தால் வேலை தருகிறோம்’ என்பவரிடம் முழு வேலையையும் ஒப்படைப்பது அதனால்தான் ஆபத்து. எழுதிய தேதிக்கு ஆதாரம் இருந்தால் நிலைமை மாறும். 2018-இல் ‘சர்கார்’ திரைப்படம் வெளியாகும் நேரத்தில் எழுந்த கதைத் திருட்டுப் புகாரில், ‘செங்கோல்’ என்ற கதை தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது. இயக்குநர் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தபோதும், விவகாரம் கடைசியில் சமரசத்தில் முடிந்து, படத்தின் தொடக்கத்தில் அந்தக் கதையை எழுதியவருக்கு அங்கீகாரம் கிடைத்தது. பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிப்புரிமை அலுவலகத்தில் ஓர் எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதிந்துவைத்தால், வழக்கில் அது முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

இனி பணம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிசைன், புகைப்படம் போன்ற சேவைகளைத் தனிநபராகச் செய்பவரும் குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிந்தவருக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு, எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாளிலும், எவ்வளவு கெடு எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி, மாதாமாதம் ஏறும். இணையவழியில் விண்ணப்பித்தால் இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழு விசாரிக்கும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இக்குழுக்கள் உள்ளன. அங்கே கிடைக்கும் தீர்வை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் நிறுவனம், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். 2023-இல் வந்த வருமான வரித் திருத்தம் இதற்கு இன்னும் வலுச் சேர்த்தது: கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், பணத்தைக் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் பில்லில் உத்யம் எண் இருந்தால், அந்த நிறுவனத்தின் ஆடிட்டரே பணத்தை அனுப்பச் சொல்வார். ஒன்றை மறக்க வேண்டாம். 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக்குப் பிந்தைய வேலைக்கே இந்தப் பலன் என்றது. எனவே பணம் நின்றபிறகு பதிவைத் தேடி ஓடுவதை நம்பியிருக்க முடியாது. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இந்தச் சட்டத்தின் கை நீளாது. அங்கே முன்பணமும், பாக்கி வரும்வரை சோர்ஸ் ஃபைலைத் தராமல் வைத்திருப்பதும்தான் பாதுகாப்பு.

‘இப்படிப் பேப்பர் கேட்டால் கிளையன்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்’ என்ற பயம் நியாயமானது. குறைந்த விலைக்குச் செய்ய வரிசையில் ஆள் நிற்கும் தொழில் இது. ஆனால் பேப்பர் என்றால் பத்துப் பக்க முத்திரைத்தாள் அல்ல. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னஞ்சலில் உருவான ஒப்பந்தமும் செல்லும். ‘நாம் பேசியபடி இரண்டு டிசைன், மூன்று முறை கரெக்‌ஷன், பாதித் தொகை முன்பணம், மீதி வேலை முடிந்த 15 நாளில்; சரியென்றால் பதில் போடுங்கள்’ என்று மரியாதையாக ஒரு கடிதம் போதும். இதற்குக்கூடப் பதில் தர மறுப்பவர் பணம் தரும்போது எப்படி இருப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. போட்டி அதிகம் என்பதும் எழுதாமல் இருக்கக் காரணம் ஆகாது; எந்த நிபந்தனையும் இல்லாத ஆளைத்தான் எவரும் எளிதில் மாற்றிவிட முடியும். ‘பத்தாயிரம் ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குத் தொடுக்கும் முன்பே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். வேலை முடிந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற கெடு மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கையொப்பமிடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் கட்டாயம் படிக்க வேண்டிய வரி, யாராவது வழக்குப் போட்டால் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்பது. உரிமம் இல்லாத ஓர் எழுத்துருவோ இணையத்தில் எடுத்த ஒரு படமோ உள்ளே இருந்தால், வாங்கிய கூலியைப் போலப் பல மடங்கு கேட்டு நோட்டீஸ் வரலாம். அந்தப் பொறுப்பை வாங்கிய கட்டணத்தின் அளவுக்குள் நிறுத்தும்படி கேட்பது தவறில்லை. கிளையன்ட்டே அனுப்பிய படங்களுக்கு அவரே பொறுப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் வரை போகும் முன்பே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு: வேலை தருவதாகச் சொல்லி உங்களிடமே டெபாசிட் கேட்பது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பழைய ஒப்பந்தங்களையும் மின்னஞ்சல்களையும் எடுத்துப் பாருங்கள். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தவை 5 ஆண்டுகள் கடந்திருந்தால், அந்த உரிமை உங்களிடமே திரும்பி வந்திருக்கலாம். வாங்கியவர் எழுதி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் பயன்படுத்தவே இல்லையென்றாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அப்படித் திரும்பி வந்த கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கலாம், மெட்டை வேறொருவருக்கு உரிமம் கொடுத்து இரண்டாம் முறை கட்டணம் வாங்கலாம்.