புதிய தகரக் கடிதப்பெட்டி: பெயின்ட் உரியாமல் இருக்க

ஊர் திரும்பியதும் பல கடிதங்களை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள்: அடையாள அட்டை தொடர்பான அறிவித்தல், ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கடிதம், நேர்முகத் தேர்வு அழைப்பு. நீங்கள் இல்லாத காலத்தில் தபால்காரர் மாறியிருக்கலாம். பக்கத்து வீட்டார் இன்னும் திரும்பாமலும் இருக்கலாம். அப்படியான இடத்தில் உங்கள் வீட்டை அடையாளம் காட்டுவது படலையில் உள்ள கடிதப்பெட்டிதான். அதில் எழுதிய பெயரும் இலக்கமும் ஒரு மாரியுடன் உரிந்து போகக் கூடாது.

ஏன் உரிகிறது?

புதிய பெட்டிகள் பல, துத்தநாகம் பூசிய கல்வனைஸ் தகரத்தால் செய்யப்பட்டவை. வெள்ளி நிறத்தில் மினுங்கும். சிலவற்றில் பூப்போன்ற கோலமும் தெரியும். துத்தநாகம் தகரத்தைத் துருவிலிருந்து காக்கிறது. ஆனால் பெயின்டுக்கு அது நல்ல பிடிமானம் தராது. மேற்பரப்பு வழுவழுப்பானது, தொழிற்சாலையில் பூசிய எண்ணெயும் அதில் இருக்கும். அதன்மேல் எனாமல் பெயின்டை நேரடியாகப் பூசினால், அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்துடன் சேர்ந்து, ஈரப்பதனில் சவர்க்காரம் போன்ற மெல்லிய படையாக மாறும். சில மாதங்களில் பெயின்ட் தாள்போலக் கழன்றுவிடும். தன்னாமுனை போன்ற வாவியோர ஊர்களில் உப்பு ஈரமும் மாரி மழையும் இதை விரைவாக்கும்.

செய்ய வேண்டியவை

1. கழுவுங்கள். சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் உள்ளும் புறமும் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது; மீண்டும் கழுவுங்கள். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள். அதுவே எண்ணெய்ப் படை விடும்.

2. மெதுவாக உரசுங்கள். 220 இலக்க சான்ட்பேப்பரால் மினுக்கம் மங்கும்வரை உரசினால் போதும். அழுத்தி உரசினால் துத்தநாகம் போய்த் துருப்பிடிக்கும். தூசியைத் துடைத்து, பெட்டியை முழுமையாகக் காயவிடுங்கள்.

3. பொருத்தமான பிரைமர் பூசுங்கள். ஹாட்வெயார் கடையில் "கல்வனைஸ் தகரத்துக்குரிய பிரைமர்" என்று கேளுங்கள். இரும்புக்குப் பூசும் சாதாரண சிவப்பு பிரைமர் இதற்கு ஏற்றதல்ல. உங்கள் பெட்டி துத்தநாகம் பூசாத கறுப்பு இரும்புத் தகடாக இருந்தால் மட்டும், துருவை நீக்கிவிட்டு அந்தச் சிவப்பு பிரைமரைப் பூசலாம்.

4. மெல்லியதாக இரண்டு பூச்சு. பிரைமர் காய்ந்த பின் வெளிப்பூச்சுப் பெயின்டை இரண்டு தடவை பூசுங்கள். இடையே விட வேண்டிய நேரம் டின்னில் குறிப்பிடப்பட்டிருக்கும். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் உள்ளே காயாது. மடிப்புகளையும் ஓரங்களையும் தவறவிடாதீர்கள். துரு தொடங்குவது அங்கேதான்.

எப்போது செய்வது?

மாரிக்கு முன், மழையில்லாத நாளில், காலைப் பனி உலர்ந்த பின் நிழலில் செய்யுங்கள். மத்தியான வெயிலில் சூடேறிய தகரத்தில் பெயின்ட் கொப்பளிக்கும்.

பெயரும் இலக்கமும்

குடும்பத் தலைவரின் பெயரையும் வீட்டிலக்கத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வெளிர் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து தூரத்திலிருந்தும் தெரியும்.

ஒரு கிழமை கழித்துப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பிளேடால் சிறு பெருக்கல் குறி கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் கையோடு வந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசிப் பயனில்லை. சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வராவிட்டால், கீறிய இடத்தில் சிறிது பிரைமரும் பெயின்டும் தொட்டுவிடுங்கள்.

கவனம்: பெயின்டையும் தின்னரையும் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். மிச்சத்தைக் கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்றாதீர்கள்.

பெட்டி வைத்ததும் உங்கள் தபாலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் நீங்கள் திரும்பி வந்ததை அறிவியுங்கள். பதிவுத் தபால் பெட்டியில் போடப்படாது. கையொப்பமிட்டே பெற வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அதையும் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள்.