உங்களுக்குத் தெரியுமா? தேயிலையைப் பிரிப்பது சல்லடை, மதிப்பிடுவது நாக்கு

தேயிலைப் பொட்டலங்களில் காணப்படும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் போன்ற குறியீடுகள் சுவையைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலும் இலைத்துகளின் அளவையே குறிப்பவை. தொழிற்சாலையில் உலர்ந்து வரும் தேயிலையிலிருந்து முதலில் நார் நீக்கப்படுகிறது. உராய்வால் மின்னூட்டம் பெற்ற உருளைகள் நாரை மட்டும் மேலே இழுத்துக்கொள்கின்றன. பிறகு தேயிலை, வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் அதிர்ந்தபடி ஓடுகிறது. பெரிய இலை மேலே தங்க, உடைந்த இலையும் நுண்துகளும் கீழே இறங்க, கடைசித் தட்டில் டஸ்ட் சேர்கிறது.

டஸ்ட் என்றதும் கழிவு என்று எண்ணுவது தவறு. துகள் சிறியதாக இருப்பதால் சாறு விரைவில் இறங்கும். பால் சேர்த்தாலும் குறையாத நிறமும் திடமும் கிடைக்கும். தமிழ்நாட்டு டீக்கடைகளில் டஸ்ட் தேயிலைக்கு இருக்கும் மவுசு நியாயமானதே.

சுவையை மதிப்பிடுவது தேயிலைச் சுவைஞரின் வேலை. 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலைப்படி, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை என்ற கணக்கில், மூடிய பீங்கான் கலத்தில் 6 நிமிடம் ஊறவிட வேண்டும். வடித்த சாற்றைச் சுவைஞர் கரண்டியில் எடுத்து, காற்றும் சேர்ந்து செல்லும்படி சத்தமாக உறிஞ்சுகிறார். மணத்தையும் துவர்ப்பையும் உணர்ந்ததும் துப்பிவிடுகிறார். ஊறிய இலையையும் பார்க்கிறார். செம்பு நிறப் பளபளப்பு நல்ல கறுப்புத் தேயிலையின் அடையாளம்.

துகள் ஒரே அளவானாலும் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் விலை மாறும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலமானாலும் நீலகிரியின் குன்னூர் ஏலமானாலும், கேட்பு விலையைப் பெரிதும் தீர்மானிப்பது சுவைஞரின் மதிப்பீடே.