மாணவர் பார்க்கும் வாசகர்

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். நாவலைப் பற்றி மாணவரிடம் பேசுவது தமிழாசிரியரின் வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், என் வகுப்பு மாணவர் பலரின் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். இக்குழந்தைகள் நேரில் காணும் ஒரே வாசகர் ஆசிரியராகவே இருக்கக்கூடும். எனவே, எந்தப் பாடம் நடத்துபவராயினும் தாம் விரும்பிப் படித்ததை வகுப்பில் பகிர வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பற்றிய பாடம் உண்டு. பாத்தியில் தேக்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு படிகமாவதை விளக்கிய பின், ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலைக் கையில் எடுப்பேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை அவர்களிடையே சென்று அறிந்து எழுதிய நாவல் அது. அளத்து வேலைக்குப் போகும் பொன்னாச்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவேன்; ஒரு பக்கத்தை உரக்க வாசிப்பேன். ஒருமுறை ஒரு மாணவி, “நாள் முழுக்க உப்புத் தண்ணியில நின்னா கால் என்ன சார் ஆகும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து சவ்வூடுபரவலுக்குப் போனோம். அடுத்து, அவர்களுக்கு ஏன் காலுறை தரவில்லை என்று இன்னொருவன் கேட்டான். பாடநூல் வினாக்களில் இவை இல்லை.

மற்ற பாடங்களுக்கும் நாவல்கள் உண்டு. சுதேச சமஸ்தானங்களின் இணைப்பைக் கற்பிக்கும்போது அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ உதவும். 1948இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த காலத்தைச் செகந்திராபாத்தில் வாழும் ஒரு மாணவனின் வழியாக அது காட்டுகிறது. நீர்வளப் பாடத்துக்கு, சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பின்னணியாகக் கொண்ட அவரது ‘தண்ணீர்’ பொருந்தும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘டோட்டோ-சான்’. நாவல் அன்று, ஜப்பானியப் பள்ளி ஒன்றின் நினைவுகள். ஆனாலும் நாவல் போலவே ஓடும். ரயில் பெட்டிகளில் வகுப்புகள் நடந்தன என்று சொன்னால் போதும், குழந்தைகள் அருகில் வந்துவிடுவார்கள்.

பகிரும்போது சிலவற்றைக் கடைப்பிடிக்கிறேன். முதலில், நாவலை முழுவதும் நான் படித்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கான நாவலில் எல்லாப் பக்கமும் எல்லா வயதினருக்கும் ஏற்றவை அல்ல. வாசிக்கும் பக்கத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வேன். முடிவைச் சொல்லமாட்டேன்; அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அதன்மீது வினா, கட்டுரை, மதிப்பெண் எதுவும் கிடையாது. எனக்குப் பிடிக்காத பகுதியையும் சொல்வேன். ஒரு புத்தகத்தைப் பற்றித் தனக்கென ஒரு கருத்து வைத்துக்கொள்ளலாம் என்பது மாணவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

“படிக்க நேரம் ஏது?” என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இரவு உணவுக்குப் பின், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பத்துப் பக்கம் படிப்பது என் வழக்கம். மாதத்துக்கு 300 பக்கம் ஆகிறது. ஒரு நடுத்தர நாவல் முடிந்துவிடும். நூலின் பெயர், முடித்த தேதி, மனத்தில் நின்ற ஒரு செய்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பாதியில் விட்டவையும் அதில் உண்டு. மாணவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கும்போது, “சார், இதை ஏன் விட்டுட்டீங்க?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர்தான் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். அவர்கள் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள். அடுத்த மாதம் கேட்பவர் வேறு ஒருவராக இருக்கிறார். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை நாளை வகுப்புக்கு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்துப் பாருங்கள். அது என்ன புத்தகம் என்று யாராவது ஒருவர் கேட்பார்.